தாத்தா, பேத்தி, புதுக் கார்: ஒரு விளம்பரம் எடுக்கும் முறை

புதுக் கார் வீட்டுக்கு வருகிறது; தாத்தா சாவியை வாங்கிப் பேத்தி கையில் கொடுக்கிறார். கதை இவ்வளவுதான். 60 நொடிக்கு எடுத்தாலும் டிவியில் அதிகம் ஓடுவது அதைச் சுருக்கிய 30, 20 நொடி வெட்டுகள். அதனால் தாத்தாவின் முகத்துக்கு 4 நொடி ஒதுக்கி, எந்த வெட்டிலும் அதில் கை வைப்பதில்லை என்று ஷூட்டிங்குக்கு முன்பே க்ளையன்டிடம் ஒப்புதல் வாங்கிவிடுவோம். வாங்காவிட்டால் எடிட்டிங்கில் முதலில் போவது அந்த முகம்தான்; காரின் அலாய் வீல் ஷாட் அப்படியே இருக்கும்.

பேத்திக்கு 14 வயது ஆகவில்லையென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரம்தான் வேலை, தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பேரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். குழந்தை வரும் ஷாட்டுகளைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. ஒத்திகையில் சாவியைக் காட்டாதீர்கள். முதல் டேக்கில் வரும் ஆச்சரியம் அடுத்ததில் வராது. இரண்டு கேமரா வைத்து இருவர் முகத்தையும் ஒரே நேரத்தில் பிடித்துவிடுங்கள்.

பாலிஷ் போட்ட கதவில் லைட் ஸ்டாண்டு, கேமரா, ஆட்கள் எல்லாம் தெரியும். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, காருக்கு மேலே 20-க்கு 20 அடி வெள்ளைத் துணி விரிப்போம். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் காரின் முன்கண்ணாடியின் பளபளப்பைக் குறைத்து உள்ளே இருப்பவர் முகத்தைக் காட்டும். ஆனால் பக்கக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் திட்டுகளையும் கிளப்பிவிடும். மானிட்டரைப் பார்த்துக்கொண்டே திருக வேண்டும்.

அதிக நேரம் தின்பது எலுமிச்சம்பழம் நசுங்கும் க்ளோசப். காய்ப்பதமான பழம் டயரில் பட்டதும் நசுங்காமல் பக்கவாட்டில் தெறித்து ஓடும். நன்றாகப் பழுத்த, தோல் மெல்லிய பழமாக வாங்கி, அடியில் மெலிதாகச் சீவி உட்கார வைக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டு உருட்டினால் போதும். ஒவ்வொரு டேக்குக்கும் டயரையும் தரையையும் துடைத்தாக வேண்டும். வாசல் கோலம் அழியாமல் இருக்கும் ஷாட்டுகளை இதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். டயர் ஏறிய கோலத்தை அச்சு அசலாகத் திரும்பப் போட முடியாது.

தாத்தா மடியில் குழந்தையை உட்கார வைத்து ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லலாம் என்று யாராவது கேட்பார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனாலும் எடுக்கவே கூடாது. பார்க்கிற வீடுகளில் அதையே செய்து பார்ப்பார்கள். கார் நகரும் ஷாட்டில் குழந்தை பின்சீட்டில், பெல்ட்டோடு.