தட்டிக்குப் பின்னால் யார்?

1777இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் முதன்முதலாக மேடையேறிய ஷெரிடனின் ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்’ நாடகத்தை இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தபோது, பாதி வேலை முடிந்த மாதிரிதான் எல்லோரும் பேசினார்கள். முதல் காட்சியே வம்பு. அவதூறுத் துணுக்குகளெல்லாம் செய்தித்தாளுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று ஒரு சீமாட்டி விசாரிக்கிறாள். யாரும் கண்டுபிடிக்காதபடி கையெழுத்தை மாற்றி எழுதிக் கொடுத்தாயிற்று என்று பதில் வருகிறது. இதைவிடப் பொருத்தமாகப் போலிக் கணக்கு எங்கே கிடைக்கும்?

வம்பு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இடறியது வேறு இடத்தில். பழைய நகைச்சுவை நாடகங்கள் ஓடுவதே, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதால்தான். கைபேசி கைவைப்பது அங்கேதான்.

உச்சக் காட்சியில், நல்லவன் வேடம் போடும் ஜோசப்பின் அறையில் ஒரு மறைப்புத் தட்டி. பின்னால் சீமாட்டி டீசில் ஒளிந்திருக்கிறாள். அவள் கணவர் சர் பீட்டர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவள் பெயருக்குப் பணம் எழுதிவைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசியில் தட்டி சரிகிறது. இதை வீடியோ அழைப்பாக்கி, கேமராவை அணைத்துவிட்டு அவள் கேட்பதாக வைத்துப் பார்த்தோம். ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அணைத்த கேமரா வெறும் கறுப்புக் கட்டம். தட்டி என்றால் அடியில் செருப்பு நுனி தெரியும், மூச்சுவிட்டால் அசையும், யாராவது பக்கத்தில் போனாலே நமக்குப் பகீரென்கிறது. ஆகவே தட்டி தட்டியாகவே இருக்கட்டும், அவள் கைபேசியில் சார்ஜ் மட்டும் தீர்ந்துபோகட்டும் என்று முடிவானது. மலிவான தந்திரம்தான். சிரிக்கிறவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை.

கை வைக்கவே மனம் வராத இடம், தட்டி சரிந்த பிறகு ஊரில் கிளம்பும் சண்டை வதந்தி. சர் பீட்டர் காயமடைந்துவிட்டாராம். ஒருவர் வாள் என்கிறார், இன்னொருவர் துப்பாக்கி என்கிறார். குண்டு கணப்புக்கு மேலிருந்த சின்ன வெண்கல ஷேக்ஸ்பியர் மீது பட்டு, செங்கோணத்தில் திரும்பி, ஜன்னல் வழியே போய், கடிதம் கொண்டுவந்த தபால்காரரைத் தாக்கியதாம்! கொஞ்ச நேரத்தில் சர் பீட்டரே முழுசாக நடந்துவருகிறார். இதை ஃபார்வர்டாக வாசிக்கச் சொல்லி நடிகர்களிடம் கைபேசியைக் கொடுத்தால், எல்லோர் முகமும் கவிழ்ந்துகொண்டது. வாங்கி வைத்துவிட்டோம். தபால்காரர் மட்டும் டெலிவரி பையன் ஆனார்.

வட்டிக்காரர் வேடத்தில் வரும் தன் தந்தையின் சகோதரர் சர் ஆலிவரிடம், ஜோசப்பின் தம்பி சார்ல்ஸ் குடும்ப ஓவியங்களை விற்கும் காட்சிதான் இன்னும் எனக்கு ஒட்டவில்லை. எல்லாவற்றையும் விற்பவன், வந்திருப்பது அவரே என்று தெரியாமல், ஆலிவரின் ஓவியத்தை மட்டும் தர மறுக்கிறான். எங்கள் பிரதியில் ஆலிவர் கடன் செயலியின் முகவர். சார்ல்ஸ் கேலரி முழுவதையும் திறந்துவிட்டு ஒரே ஒரு படத்துக்கு மட்டும் அனுமதி தர மறுக்கிறான். கைதட்டல் வருகிறது. ஆனால் விற்ற ஓவியம் வீட்டைவிட்டுப் போய்விடும். பகிர்ந்த படமோ நம்மிடமேதான் இருக்கும். அப்புறம் அந்த மறுப்புக்கு என்ன கனம்? இயக்குநர் இருக்கட்டும் என்றார், இருக்கிறது.