பூனையின் மூன்றாம் பெயர்

பூனைக்குப் பெயரிடுவது விடுமுறை விளையாட்டு அல்ல, கடினமான காரியம் என்ற அறிவிப்போடுதான் ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் 1939-இல் வெளியிட்ட பூனைப் பாடல்களின் தொகுப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு பூனைக்கும் மூன்று பெயர்கள் வேண்டும் என்று அவர் சொல்கிறார். அக்கா மகள் பொருள் கேட்டு வந்ததால், தொகுப்பின் இந்த முதல் பாடலை வரிவரியாக மீண்டும் படித்தேன்.

வீட்டார் அன்றாடம் அழைப்பது முதல் பெயர். பீட்டர், ஜார்ஜ் என்பவற்றோடு பிளேட்டோ, டிமீட்டர் போன்ற படாடோபமான பெயர்களையும் அவர் இந்த வகையிலேயே அடக்கிவிடுகிறார். இரண்டாவது, வேறெந்தப் பூனைக்கும் வாய்க்காத தனிப்பெயர். மங்குஸ்ட்ராப், ஜெல்லிலோரம் என்றெல்லாம் உதாரணம் தருகிறார். அப்படி ஒரு பெயர் இல்லாவிட்டால் பூனை வாலைச் செங்குத்தாக நிமிர்த்துவதும் மீசையை விரிப்பதும் எப்படி என்று அவர் கேட்கும் இடத்தில் சிரிப்பு தானாக வருகிறது. சின்ன விஷயத்தை இவ்வளவு பெரிய தோரணையில் பேசுவதுதான் பாடலின் நகைச்சுவை. மூன்றாவது பெயரோ பூனைக்கு மட்டுமே தெரியும். அதை அது ஒருபோதும் வெளியிடாது.

பாலக்காட்டு மாவட்டத்தில் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மனிதருக்கே இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. தலைப்பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், அதே பிள்ளையைக் கூப்பிட இன்னொரு பெயர் வந்து சேரும். பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்தோடு நிற்பது மற்றொன்றாக இருக்கும். ஆனால் இவை அனைத்தும் பிறர் கொடுத்தவை. பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதருகே குனிந்து மெதுவாகச் சொல்லப்படும் பெயரும்கூட மூத்தவர் ஒருவரின் வாயிலிருந்து வருவதுதான். எலியட்டின் பூனைக்கு மூன்றாம் பெயரை யாரும் கொடுக்கவில்லை. வளர்ப்பவரின் அன்புக்கும் உரிமைக்கும் எட்டாத ஓரிடம் அந்தச் சிறு உயிருக்குள் இருக்கிறது என்று பாடல் மனதார நம்புகிறது. ஞானப்பிள்ளைகளுக்காக, அதாவது ஞானஸ்நானத்தில் தாம் பொறுப்பேற்ற குழந்தைகளுக்காக, எழுதிய வேடிக்கைப் பாட்டுகளில் ஒன்றுதானே என்று இதைத் தள்ளிவிடுவோர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை என்பதே என் எண்ணம்.

“பூனை சொல்லவே சொல்லாது என்றால், அப்படி ஒரு பெயர் இருப்பது கவிஞருக்கு எப்படித் தெரியும், சித்தி?” என்று அக்கா மகள் கேட்டாள். மிகச் சரியான கேள்வி. அந்தப் பெயர் தமக்குத் தெரியும் என்று எலியட் எங்கும் சொல்வதில்லை. பூனை ஆழ்ந்த தியானத்தில் அமர்ந்திருந்தால், அது தன் பெயரைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறார். அதன்பின் வரும் நாக்குச் சுழற்றும் சொற்களுக்கு அகராதியைத் தேட வேண்டாம், சத்தமாகப் படி என்றேன்.