பிறான்மலையில் ஏறிப் பார்த்த பதிகம்

காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரம் இருந்தால் பிறான்மலைக்கும் வண்டியைத் திருப்புவார்கள். அடிவாரத்தில் பாதாளம், பூமி, கைலாசம் என மூன்று நிலையாக இருக்கும் சன்னதிகளைக் கும்பிட்டதும் சாப்பாட்டு நினைப்பு வந்துவிடும். அதற்கு மேலேதான் மலை.

திருஞானசம்பந்தர் கொடுங்குன்றம் என்று பாடிய தலம் இது. அந்தப் பதிகத்தில் பாதி சாமி, பாதி மலை. மழை மேகம், ஆடும் மயில், குயில் பாட்டு, மணியும் பொன்னும் மலரும் உருட்டிக்கொண்டு பாயும் புனல். காரில் வந்து போகிறவருக்கு இந்த இரண்டாம் பாதி கிடைக்காது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அம்மானும் நானும் கிளம்பினோம். ஆடு மேய்க்கும் உள்ளூர் அண்ணன் ஒருவர் வழிகாட்ட ஒப்புக்கொண்டார். கொஞ்ச தூரம் தடம் தெளிவாக இருந்தது. அப்புறம் புதர் மூடிக்கொண்டது. "ஆட்டுப்புழுக்கை கிடக்கிற பக்கமாப் பாத்து வாங்க செட்டியாரே, அதுதான் பாதை" என்றார். யானையும் சிங்கமும் இறங்கும் சாரல் என்கிறது பதிகம். எங்களுக்கு வாய்த்தது வெள்ளாடுதான், சரி.

மரங்களுக்குள் நுழைந்ததுமே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பாறை மேல் கணுக்கால் அளவுக்கு ஒரு ஓடை. பாசி பிடித்த இடம் கரும்பச்சையாக மினுங்கியது. அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாசி இல்லாத சொரசொரப்பு எங்கே என்று பெருவிரலால் தடவித் தடவிக் கடந்தார். நாங்களும் அப்படியே போனோம். மணி, பொன் எதுவும் வரவில்லை. மஞ்சள் இலைகளும் ஒரு பிஸ்கட் உறையும் வந்தன. அந்த உறையைப் போட்டுவிட்டுப் போன புண்ணியவானும் சாமி கும்பிடத்தான் வந்திருப்பார்.

ஓடைக்கு மேலே மரம் குறைந்து இடுப்பளவு புல். எங்கள் தடமே எங்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. அம்மானின் வேட்டிக் கரை முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. இதுதான் பாரியின் பறம்புமலை என்பார்கள். உழவர் உழாமலே மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் தரும் மலை என்று கபிலர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பாறை இடுக்கில் ஒரு தேனடை தொங்கியதைப் பார்த்ததும், "நாலில் ஒண்ணு இருக்குப்பா" என்று அம்மான் சிரித்தார்.

உச்சி சுமார் 2,500 அடி. அங்கே ஷேக் அப்துல்லா தர்கா இருக்கிறது. நேர்த்திக்கடனுக்கு ஏறி வந்திருந்த ஒரு குடும்பம் சர்க்கரை ஓதிக் கொடுத்தது. நெற்றித் திருநீறோடு அம்மான் இரு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அந்த மலையில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இறங்கி வருவதற்குள் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிட்டார்கள். சாயங்காலம் வரை காத்திருந்தோம். கைலாச நிலையில் இருக்கும் சிவனான மங்கைபாகர் மணக்கோலத்தில் இருப்பதால் அவர் சன்னதியில் நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. ஒருமுறை சாத்திய வஸ்திரத்தை மறுமுறை சாத்துவதில்லை என்பதும் அங்கே வழக்கம். அம்மான் கொண்டுவந்திருந்த புது வஸ்திரத்தை நடை திறந்ததும் குருக்களிடம் கொடுத்தார்.