லேசரில் கண்புரை எடுத்த அனுபவம்

லேசர் என்றதும் கத்தி படாமல் புரை கரைந்துவிடும் என்றே பலர் நினைக்கிறார்கள். வெள்ளவத்தையில் என்னைக் காண்கிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். அப்படியில்லை. கருவிழியில் சிறு வெட்டு, கண்ணுக்குள் இருக்கும் வில்லையின், அதாவது இயற்கை லென்ஸின், மெல்லிய உறையில் வட்டமாக ஒரு திறப்பு, புரை பிடித்த வில்லையைத் துண்டாக்குவது, இவ்வளவுதான் லேசரின் பங்கு. துண்டுகளை அல்ட்ராசவுண்ட் கருவியால் உறிஞ்சி எடுப்பதும் புது லென்ஸ் வைப்பதும் டொக்டர் கையால் செய்கிற வேலை.

எனக்கு வலது கண் மோசமாகியிருந்தது. காலி வீதியில் நின்றால், வருவது 100ஆ 101ஆ என்பது பஸ் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். கனடாவில் இருக்கும் மகள் காசு அனுப்பி, லேசர்தான் என்று பிடிவாதமாக நின்றாள்.

முதலில் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து லென்ஸின் பவரைக் கணித்தார்கள். நான் தூரப் பார்வைக்கான லென்ஸைக் கேட்டேன். பேப்பர் வாசிக்க இப்போதும் கண்ணாடி வேண்டும். ஆண்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். புரொஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் குடிக்கிறவர்கள் அதைக் கண் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்திவிடும், ஒப்பரேஷன் சிக்கலாகும். முன்பே தெரிந்தால் அவர்கள் ஆயத்தமாக இருப்பார்கள்.

கண் மரத்துப்போகத் துளி மருந்து மட்டும்தான், ஊசி இல்லை. பிறகு கண்ணில் ஒரு வளையத்தை வைத்து உறிஞ்சிப் பிடித்தார்கள். நல்ல அழுத்தம், ஆனால் வலியில்லை. பார்வை மங்கிக்கொண்டே போய், வெளிச்சப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. நர்ஸ் மிஸ் என் தோளில் கை வைத்து, "ஐயா, அசைய வேணாம், கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கை தந்த தைரியம் பெரிது. லேசர் சட்டென்று முடிந்துவிட்டது. மீதி வேலை ஒப்பரேஷன் தியேட்டரில்.

மறுநாள் மூடியைக் கழற்றியதும் என் வெள்ளை வேட்டியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு அது தேத்தண்ணியில் தோய்த்த மாதிரி இருந்தது. வலது கண்ணுக்குப் பளீரென்ற வெள்ளை. இத்தனை காலம் எந்த நிறத்தில் உலகத்தைப் பார்த்திருக்கிறேன்!

கண்ணின் வெள்ளையில் சிவப்பாக ஒரு திட்டு இருந்ததைக் கண்டு மனைவி பதறிப்போனார். வளையம் அழுத்தியதால் வருவது, தானாக மறைந்தது. ஆனால் வலி கூடினாலோ, பார்வை குறைந்தாலோ, மின்னல் மாதிரி வெளிச்சம் அடித்தாலோ அன்றைக்கே காட்டவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

அப்புறம் துளி மருந்து. அன்டிபயோடிக் சீக்கிரம் முடிந்துவிடும், ஸ்டீரொய்டைப் படிப்படியாகக் குறைத்து வாரக்கணக்கில் விடவேண்டும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 5 நிமிடமாவது போகட்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். இரவில் கண் மூடி போட்டே படுத்தேன். கோயிலில் ஐயர் திருநீறு தரும்போது கையில் வாங்கிக்கொண்டேன், நெற்றியில் பூசினால் கண்ணில் உதிரும்.

காசு விஷயத்தில் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நகையை அடகு வைத்து லேசருக்குப் போகவேண்டாம். பிரான்சிலும் பிரித்தானியாவிலும் செய்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2020இல் வந்தன. லேசர் செய்தவர்களுக்கு, லேசர் இல்லாத வழக்கமான அல்ட்ராசவுண்ட் முறையைவிட மேலான பார்வை கிடைக்கவில்லை. அந்த வழக்கமான முறையில் கொழும்பில் நம் தேசிய கண் ஆஸ்பத்திரியிலும் புரை எடுக்கிறார்கள்.

இடது கண்ணுக்கு நாள் கேட்டிருக்கிறேன். லேசர் இல்லாமல்தான். டொக்டரும் சரி என்றார், மகளுக்கும் சொல்லிவிட்டேன்.