விமர்சித்ததற்கு வந்த பதிப்புரிமைப் புகார்: எதிர்மனு கொடுத்த அனுபவம்

சென்னைப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பற்றி நான் செய்த காணொளி, அதை ஏற்றியிருந்த இணையத் தளத்திலிருந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் நீக்கப்பட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற நிலம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதற்கு மழையை மட்டுமே காரணம் காட்டியது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. சதுப்புநிலம் சுருங்கிப்போனதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதை மறுக்க, நிகழ்ச்சியின் சில துண்டுகளைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருந்தேன். அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்திடமிருந்து பதிப்புரிமைப் புகார் வந்தது, என் சேனலுக்கு ஸ்ட்ரைக் என்னும் எச்சரிக்கைப் புள்ளி விழுந்தது. மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

நிறுவனத்துக்கு எழுதினேன். ஆண்டு உரிமத் தொகை கட்டினால் புகாரைத் திரும்பப் பெறுவதாகப் பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பளவு வெள்ளத்தில் நின்று படம் பிடித்தவரின் உழைப்பை மதிக்கிறேன். முழு நிகழ்ச்சியையும் திருடி ஏற்றுபவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் யாரைக் குறை சொல்கிறோமோ அவரிடமே காசு கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமென்றால், அப்புறம் விமர்சனம் எதற்கு?

தம்புச்செட்டித் தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் அக்கா ஒருவரிடம் போனேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து, பிரிவு 52-ஐக் காட்டினார். விமர்சனத்துக்காகவும் நடப்புச் செய்திகளைச் சொல்வதற்காகவும் ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாள்வது உரிமை மீறல் ஆகாது. ஒளிபரப்புக்கென்று தனி உரிமை உண்டு. அதற்கும் பிரிவு 39 இதே போன்ற விலக்கைத் தருகிறது.

“எத்தனை விநாடி வரை எடுக்கலாம் அக்கா?”

“அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் கிடையாது. எதற்காக எடுத்தாய், எவ்வளவு தேவைப்பட்டது, உன் காணொளியைப் பார்த்தவருக்கு அவர்கள் நிகழ்ச்சியைப் பார்க்கும் தேவையே இல்லாமல் போகிறதா, இவற்றைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.”

அவர் சொன்னபடி, எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் விளக்கம் எழுதினேன். ஒன்று இப்படி இருந்தது: “03:12 முதல் 03:26 வரை. தண்ணீர் வடிய வழியில்லை என்கிறார் தொகுப்பாளர். உடனே, ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேரும் பாதையை வரைபடத்தில் காட்டி மறுக்கிறேன்.” எல்லாத் துண்டுகளுக்கும் இப்படி எழுதி முடித்தபோது என் தரப்பு எனக்கே தெளிவாகிவிட்டது. புகார் வந்தவர்கள் முதலில் இதைச் செய்துவிடுங்கள். எடிட் செய்த மூலக் கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.

புகாரை மறுத்து, காணொளியைத் திருப்பிப் போடச் சொல்லித் தளத்துக்குக் கொடுக்கும் எதிர்மனுவின் படிவம்தான் கலக்கியது. தளம் அமெரிக்க நிறுவனம் என்பதால் அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நடக்கிறது. என் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் புகார் கொடுத்தவர் கைக்குப் போகும். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். தளம் இருக்கும் இடத்து அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கும் சம்மதிக்க வேண்டும். வேளச்சேரி வெள்ளத்தைப் பற்றிப் பேசியவன் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்குச் சம்மதம் கொடுக்க வேண்டியிருக்கிறது! நியாயம் தன் பக்கம் இருந்தும் பலர் இந்த இடத்தில்தான் பின்வாங்கிவிடுகிறார்கள். அம்மா பயந்தார். நான் அனுப்பினேன்.

புகார்தாரர் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் காணொளியைத் திருப்பிப் போட வேண்டும் என்பது அந்தச் சட்டம். நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளிலும், புகாரைத் தளம் ஏற்றால் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் 21 நாளுக்குப் பிறகு திறக்கலாம். இரண்டிலுமே முடக்குவது முதலில், கேட்பது பிறகு.

வழக்கு வரவில்லை. காணொளி திரும்பியது, ஸ்ட்ரைக்கும் நீங்கியது. அதற்குள் பெருமழை கொட்டி ஓய்ந்திருந்தது. மழைக்கு முன் அதைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. விமர்சனத்துக்காக எடுத்தது என்று ஒருவர் சொல்லும்போது, அவர் விளக்கத்தைக் கேட்டு முடிக்கும்வரை காணொளி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். விதியைத் திருத்தச் சொல்லி ஒன்றிய அரசுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா வரைவைப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.