வலைக்குப் பின்னால் கிரெட்ஸ்கி

2025 ஏப்ரல் 6 அன்று வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்-இல் அலெக்ஸ் ஒவெச்கின் தன் 895-ஆவது கோலை அடித்து, அதுவரை முதலிடத்தில் இருந்த வேய்ன் கிரெட்ஸ்கியைத் தாண்டினார். கிரெட்ஸ்கி என்றால் கோல் அடிப்பவர் என்ற நினைப்பு அன்றைய செய்திகளால் இன்னும் கெட்டியாகிவிட்டது. அவருடைய அசல் கணக்கு வேறு பத்தியில் இருக்கிறது: 1,487 ஆட்டங்களில் 1,963 அசிஸ்ட்.

ஐஸ் ஹாக்கியில் கோலுக்கு ஒரு பாயிண்ட். அந்தக் கோலுக்கு வழிசெய்து பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தள்ளிக் கொடுத்தவர்களுக்கு, இரண்டு பேர் வரை, ஆளுக்கு ஒரு அசிஸ்ட். அதுவும் ஒரு பாயிண்ட்தான். என்எச்எல் பாயிண்ட் பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் யாரொமிர் யாகருக்கு கோலும் அசிஸ்ட்டும் சேர்த்தே 1,921. கிரெட்ஸ்கி ஒரு கோல்கூட அடிக்காமல் இருந்திருந்தாலும் முதலிடம் அவருக்குத்தான்.

இத்தனைக்கும் ஆள் ஒல்லி. மோதிச் சாய்க்கும் பலமோ, பயமுறுத்தும் ஷாட்டோ கிடையாது. எதிரணி வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த இடத்துக்கே 'கிரெட்ஸ்கியின் ஆபீஸ்' என்று பெயர் வந்துவிட்டது.

அங்கே நின்றால் என்ன லாபம்? வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். எண்பதுகளில் கோல் கோட்டிலிருந்து பின்சுவருக்கு 10 அடி. தூணைச் சுற்றி ஓடிப்பிடித்து ஆடும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். டிஃபென்ஸ் ஆட்டக்காரர் இடப்பக்கம் வந்தால் இவர் வலப்பக்கம் வெளியேறுவார். இரண்டு டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களும் துரத்தினால் வலைக்கு முன்னால் சக ஆட்டக்காரர் யாரி குர்ரி தனியாக நிற்பார். யாருமே வராவிட்டால் இன்னும் வசதி: ஆற அமரப் பார்த்துக் கொடுக்கலாம். கோல்கீப்பர் பாடுதான் திண்டாட்டம். பக்கைப் பார்க்கத் தலையைப் பின்னால் திருப்பினால் முன்னால் நிற்பவர் கண்ணில் படமாட்டார். பாஸ் போன பிறகு அவர் திரும்பி, நகர்ந்து, முட்டியை மடிப்பதற்குள் குர்ரி பக்கை நிறுத்தாமலே அடித்துவிடுவார்.

பார்க்க எளிது, செய்யும்போது சொதப்பும். பாஸைத் தரையோடு தள்ளினால் நடுவில் நீட்டியிருக்கும் ஸ்டிக்கில் பட்டுவிடும். சில அங்குலம் எழும்பி, ஸ்டிக்கைத் தாண்டியதும் தட்டையாக இறங்க வேண்டும். அதற்கு பக் சுழன்றுகொண்டே போக வேண்டும். சுழற்சி குறைந்தால் விளிம்பில் விழுந்து உருளும், வாங்குபவரால் அடிக்க முடியாது. பக் பறிபோனால் அதைவிட மோசம். பின்னால் மாட்டிக்கொண்டவர் திரும்பி வருவதற்குள் எதிரணி மறுபக்கம் போய்விடும்.

கிரெட்ஸ்கியின் இன்னொரு வித்தை, எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக் கோட்டருகே. கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் வலையை நோக்கிப் பாய, இவர் சுவர்ப்பக்கமாக வளைந்து வேகத்தைக் கொன்றுவிடுவார். பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கும் டிஃபென்ஸ் ஆட்டக்காரரால் அதே கணத்தில் நிற்க முடியாது. அந்த இடைவெளியில், பின்னாலிருந்து பறந்து வரும் சக ஆட்டக்காரர் பால் காஃபிக்கு பக் போய்ச் சேரும். காஃபி 1985-86-இல் 48 கோல் அடித்தார். அவர் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தக் காலத்தில் கோல் மலிவு என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். 1981-82-இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 8 கோல் விழுந்தது. ஆனால் அதே மலிவான சந்தையில் கிரெட்ஸ்கி 212 பாயிண்ட் எடுத்தபோது இரண்டாமிடம் வந்த மைக் பாஸிக்கு 147. 1985-86-இல் இவருக்கு 215, மரியோ லெமியூவுக்கு 141. காலத்தைக் காரணம் சொல்பவர்கள் இந்த இடைவெளிக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

எட்மண்டன் அணியோடு 1984, 85, 87, 88 என நான்கு ஸ்டான்லி கோப்பைகள் (என்எச்எல் சாம்பியனுக்கான கோப்பை). 1988 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்கப்பட்ட பிறகு ஒன்றுகூட இல்லை.

வலைக்குப் பின்னால் இருக்கும் இடத்தை என்எச்எல் 1998-99-இல் 13 அடியாக்கியது. நியூயார்க் ரேஞ்சர்ஸில் அவருக்கு அதுவே கடைசி சீசன், வயது 38. அந்த ஆண்டு அடித்தது 9 கோல். கொடுத்தது 53 அசிஸ்ட்.