ஐந்து கட்டை சேர்ந்தது

நேற்றுக் காலைப் பூசைக்குப் போகும் முன் ஆர்மோனியத்தைத் திறந்து ஐந்து கட்டையை (மேற்கத்திய முறையில் G) அமத்தினேன். போனில் இருக்கும் சுருதி மானி 392 ஹேர்ட்ஸ் என்று காட்டியது, அதுதான் சரியான அளவு. முதல் நாள் இரவு விட்டதிலிருந்து அசையாமல் நின்றது. துருத்தியை மெல்லப் போட்டும் கொஞ்சம் அழுத்திப் போட்டும் பார்த்தேன். சரியாகவே இருந்தது. அடுப்பில் தேத்தண்ணி கொதித்து வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நாலாவது நாக்கில்தான் (ரீட், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய பித்தளைத் தகடு) இது கிடைத்தது. முன்பு மூன்று நாக்குகளைப் பாழாக்கியிருக்கிறேன்.

பெட்டியைப் பற்றி முன்பே தெரிந்தவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். மாமா எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் வாசித்த ஆர்மோனியம் 2009 இடப்பெயர்வோடு போய்விட்டது. திரும்பி வந்தபோது வீடே இல்லை, பெட்டியை எங்கே தேடுவது? இப்போது இருப்பது யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வீட்டிலிருந்து வாங்கியது. இரண்டு வரிசை ரீட், மூன்றரை ஸ்தாயி. கறையான் ஒரு மூலையை மட்டும் தின்றிருந்தது. துருத்தித் தோலையும் மூடிகளையும் போன மாரிக்குள் மாற்றி முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது சுருதிதான். மேல் வரிசையில் நடு ஸ்தாயி ஐந்து கட்டை 383இல் நின்றது. நாற்பது சென்ட் குறைவு (நூறு சென்ட் சேர்ந்தால் அரைச் சுரம்). பாட்டுக்கு நடுவே அந்தக் கட்டை வரும்போதெல்லாம் பிள்ளைகளின் குரலும் கூடவே கீழே இறங்கியது.

நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். இது எல்லோருக்கும் தெரியும். கை பழகுவதுதான் பாடு. முதல் நாக்கின் கீழே சவர பிளேடைக் கொடுத்து அரத்தை இழுத்தேன். பிளேடின் விளிம்பு பித்தளையில் கோடு போட்டது. ஒரு கிழமையில் அந்தக் கோட்டிலேயே விரிசல் விட்டுவிட்டது. இரண்டாவதின் நுனியை மெலிதாக்கிவிட்டேன். மணி போலக் கீச்சிட்டதே தவிரப் பாடவில்லை.

அப்புறம் ஏ9 வீதியோரம் மோட்டார் சைக்கிள் திருத்தும் ஒரு கராஜில் பீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் செட்டை, பார்த்தேன். பிளக் இடைவெளி அளக்க வைத்திருந்தார்கள். அதில் 0.05 மில்லிமீற்றர் தகடு ஒன்று உண்டு. விளிம்பு மழுங்கியது, வளையும், ஆனால் நாக்கைத் தாங்கும். "அக்கா, இதை வைச்சு என்ன செய்யப் போறீங்கள்?" என்று தம்பி கேட்டார். சொன்னதும் ஒரு பழைய செட்டைச் சும்மாவே தந்துவிட்டார். பிளேடு பாவிக்கிறவர்கள் தயவுசெய்து இன்றே விட்டுவிடுங்கள். பித்தளைத் தூள் நாக்கின் பக்கங்களில் அடைத்தால் கோழி இறகுதான் நல்லது. தூரிகை மயிர் உள்ளே சிக்கும்.

மூன்றாவது நாக்கு போனது எப்படி என்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இரவு சுரண்டி, பார்த்து, சுரண்டி, பார்த்து, சரியாக 392இல் நிறுத்தினேன். விடிய எழுந்து பார்த்தால் 393ஐத் தாண்டி நின்றது. அடியைச் சுரண்டி இறக்கினேன். அடுத்த நாள் மறுபடி மாறியிருந்தது. இப்படியே நுனியும் அடியும் தேய்ந்து, காற்றுக் கொடுத்தால் அரை நொடி கழித்துத்தான் பேசும் நாக்காகிவிட்டது. காரணம் பிடிபட இரண்டு கிழமை ஆனது. அரம் இழுக்கும்போது பித்தளை சூடாகிறது. விரல் சூடும் சேர்கிறது. சூடான நாக்கு கொஞ்சம் இறங்கித்தான் ஒலிக்கும். அந்த இறங்கிய ஒலியை நம்பி நான் மேலும் சுரண்டினேன். ஆறியதும் அது ஏறிவிட்டது.

ஆக, ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ஆறவிட வேண்டும். நாக்குகள் பூட்டிய ரீட் பலகையைத் திரும்பப் பூட்டிப் பெட்டிக்குள் வைத்துத்தான் பார்க்கவும் வேண்டும். வெளியே வாயால் ஊதிப் பார்க்கும் சுருதி வேறு, பெட்டிக்குள் வரும் சுருதி வேறு. ஆற எவ்வளவு நேரம்? மணிக்கூட்டைப் பார்த்தால் எனக்குப் பொறுமை வராது, ஐந்து நிமிடத்தில் கை போய்விடும். அதனால் தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு முறை சுரண்டினால் ஒரு ஐம்பத்து மூன்று மணிச் செபம் என்று வைத்துக்கொண்டேன். கிட்டத்தட்ட இருபது நிமிடம். செபமாலை முடியாமல் பெட்டியில் கை வைப்பதில்லை. நாலாவது நாக்கு ஏற எனக்கு பதினொரு செபமாலை ஆனது, ஆறு இரவுகளில்.

விவிலியத்தில் விடுதலைப் பயண நூல் 31ஆம் அதிகாரத்தில், சந்திப்புக் கூடாரத்தைச் செய்ய அழைத்த கைவினைஞரைத் தம் ஆவியால் நிரப்பியதாக ஆண்டவர் சொல்கிறார். பொன், வெள்ளி, வெண்கலம், மரம் என்று வேலையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். முன்பெல்லாம் அதை வாசிக்கும்போது திறமை ஒரே நாளில் இறங்கி வந்ததாக நினைப்பேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அவரும் வெண்கலத்தைப் பாழாக்கி, ஆறவிட்டு, திரும்பத் தொட்டிருப்பார். ஆவியானவர் அந்த ஆறும் நேரத்தில்தான் வேலை செய்கிறார் என்று நான் நம்புகிறேன். புனித யோசேப் வாஸ் கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்தவர். அவர் தாய்மொழி கொங்கணி. எங்களோடு கதைக்கத் தமிழை எழுத்து எழுத்தாகப் படித்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். கூட்டத்தில் நானும் நின்றேன். அன்று மருதமடு அன்னையிடம் கேட்டது பிள்ளைகளுக்காக. இப்போது கேட்பது நாற்பத்தேழு வயதில் பழகத் தொடங்கிய இந்தக் கைக்காகவும்தான். யோசேப் வாஸும் வளர்ந்த பிறகுதான் தமிழ் படித்தார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

ரீட் வாங்க நினைப்பவர்களுக்கு: குஜராத்தில் பாலித்தானா ரீட்டுக்குப் பேர் போன ஊர். சென்னையிலிருந்து பலாலி விமானத்தில் வந்த சொந்தக்காரர் ஒருவர் பத்து நாக்கு கொண்டு வந்தார். இரண்டு பிழையான சுரம். தகட்டில் பொறித்த எழுத்தை மட்டும் நம்பாமல் ஒலித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கொழும்பில் ஒரு கடை முன்பணம் வாங்கிவிட்டு மூன்று மாதம் இழுத்தது, அந்தப் பக்கம் நான் இனிப் போகமாட்டேன்.

துருத்தி போடுவது மகன். கடுமையாகப் போட்டால் சுருதி தளரும் என்று அவனுக்கும் இப்போது தெரியும். "அம்மா, காணுமோ?" என்று கேட்பான். "இன்னும் கொஞ்சம், அப்பன்" என்பேன்.

இனி இரண்டு வரிசையையும் சேர்த்துத் திறந்தால் ஐந்து கட்டையில் ஒலி கூடிக் குறையும் ஒரு அலை கேட்கிறது, நொடிக்கு இரண்டு. கீழ் வரிசையும் பிழை என்று அர்த்தம். அதில் பதினொரு நாக்கு பார்க்க வேண்டும். அதற்குள் பக்கத்து ஊர்க் கோயிலில் கறையான் தின்று ரீட் பலகை மட்டும் மிஞ்சிய பெட்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் பங்குச் சுவாமியிடம் கேட்டு எடுத்துவர வேண்டும். பெட்டி செய்யப் பைன் பலகை தேடுகிறேன். முதிரை எங்களிடம் உண்டு, ஆனால் கனம். இறக்குமதிச் சாமான் வந்த பழைய மரப்பெட்டிப் பலகை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

உயிர்ப்புக்கு முந்தின இரவுப் பூசையான பாஸ்கா திருவிழிப்பில் 'உன்னதங்களிலே' பாடத் தொடங்கும்போது மணியோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. இன்னும் பதினெட்டு நாள். நேற்று இரவு நாலரைக் கட்டையின் கீழ் வரிசை நாக்கை ஒரு முறை இழுத்துவிட்டு, பலகையைப் பூட்டி, செபமாலையை எடுத்தேன். இன்று காலை 184 என்று காட்டியது. 185க்கு வர வேண்டும். இரவு திரும்பவும் கழற்றுகிறேன்.